எல்லாமே ‘அலர்ஜி’ அல்ல: அரநாயக்கவில் கராம்பு வாசனையை இழந்த ஒரு பெண்

தை மாதத்தில் அரநாயக்கவில் கராம்பு காயும். மாவனெல்லையில் பஸ் மாறி மலை ஏறத் தொடங்கியதும் வீட்டு முற்றங்களிலும் கடை வாசல்களிலும் படங்கு விரித்துக் கராம்பு பரப்பியிருப்பதைக் காணலாம். கண் காண்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும்.

கடந்த தையில் சித்தியின் லயத்துக்குப் போயிருந்தேன். வாசலில் சாக்கு விரித்துக் கராம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள் தங்கச்சி, சித்தியின் மூத்த மகள். “ஊரே மணக்குது” என்றேன்.

“அப்புடியாண்ணே? எனக்கு ஒன்னுமே தெரியல. நாலு வருசமாச்சு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது: “அவளுக்கு அலர்ஜி தம்பி. மாத்திர போட்டுக்கிட்டுத்தான் இருக்கா.”

அதே வசனத்தை எட்டு வருடங்கள் சொல்லித் திரிந்தவன் நான். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல, நோயாளி. என் மூக்கைப் பார்த்த வைத்தியர்கள் பொறுமையாக விளக்கியதையும், அதன் பிறகு நானே தேடிப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தது. 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு, சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்த எத்தனையோ குடும்பங்களைப் போல, அம்மாவும் அப்பாவும் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். சித்தி மட்டும் கலியாணம் முடித்த தோட்டத்திலேயே தங்கிவிட்டார். நான் கிளிநொச்சியில் பிறந்தேன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்து மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்தில்தான் என் மூக்கு முதலில் அடைத்தது. செம்மண் தூசி, விறகுப் புகை, கூடாரத்து வெக்கை. அந்த நேரம் மூக்கைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? பிறகு போன இடமெல்லாம் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: அலர்ஜி. பை நிறையப் பிரிட்டனும் செட்டிரிசினும் வாங்கி விழுங்கினேன். மூக்கு திறக்கவில்லை. ஒருநாள் சோறு அடிப்பிடித்துக் கருகி, வீடு முழுக்கப் புகை சூழ்ந்த பிறகுதான் பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போனேன். அவர் சின்னக் கமராக் குழாயை மூக்கில் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இரண்டு பக்கமும் சதை நிறைந்திருக்கிறது.”

ஒரு சொல், பல நோய்கள்

தமிழில் நாம் ‘பீனிசம்’ என்கிறோம். அரநாயக்கவில் சிங்களவர்கள் ‘பீனச’ என்கிறார்கள். இரண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை. நீர் வடிந்தாலும் பீனிசம், அடைத்தாலும் பீனிசம், தலை கனத்தாலும் பீனிசம். இப்போது அந்த இடத்தில் ‘அலர்ஜி’ வந்து உட்கார்ந்திருக்கிறது. சொல்தான் மாறியிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடும் பழக்கம் மாறவில்லை.

உண்மையில் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, மூக்கு ஒவ்வாமை. நம் உடல் தீங்கில்லாத ஒரு பொருளை எதிரி என்று தவறாக எண்ணிப் போர் தொடுப்பதுதான் ஒவ்வாமை. மகரந்தம், பூஞ்சணம், பூனை முடி, மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் என்று காரணங்கள் பல. வீட்டுத் தூசியில் குற்றவாளி தூசியல்ல, அதில் வாழும் உண்ணியே என்பதை 1964 இல் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தத் தவறான போரை நடத்தும் ‘ஐ.ஜி.ஈ’ என்ற எதிர்ப்புப் புரதத்தை 1966 இல் கிமிஷிகே இஷிசாகா, தெருக்கோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர் அடையாளம் கண்டார்கள். உண்ணியோ பூஞ்சணமோ மூக்குக்குள் போனதும் ஹிஸ்டமின் என்ற பொருள் கொட்டுகிறது. அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கரிப்பு, கண்ணரிப்பு, தண்ணீர் போல நீர் வடிதல் எல்லாம் அதனால்தான். பிரிட்டன், செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் இந்த ஹிஸ்டமினைத்தான் தடுக்கின்றன.

இரண்டாவது, நாட்பட்ட சைனஸ் நோய். மூக்கைச் சுற்றிக் கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கு நடுவிலும் மண்டையின் ஆழத்திலுமாக நான்கு சோடிக் காற்றறைகள் இருக்கின்றன. இவைதான் சைனஸ். இவற்றின் உட்சுவரில் ஈரமான மெல்லிய தோல் ஒன்று உண்டு. அந்தத் தோலில் அழற்சி ஏற்பட்டு 12 வாரங்களுக்கு மேல் அடைப்பு, சளி, முகத்தில் கனம், வாசனை தெரியாமை போன்றவை நீடித்தால் அது நாட்பட்ட சைனஸ் நோய். தடிமன் வந்து இரண்டு வாரத்தில் போவது வேறு, இது வேறு.

இந்த நாட்பட்ட நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத்தான் சதை வளர்கிறது.

சதை என்பது என்ன?

வன்னியில் இருப்பவர்களுக்குச் சுலபமாகச் சொல்வதானால், இளம் நுங்கைச் சிறு துண்டாக்கி மூக்குக்குள் தொங்கவிட்டதைப் போல. வெளிறிய நிறம், வழவழப்பு, தொட்டால் வலி இல்லை. அழற்சியால் வீங்கிய உட்தோல் நீர் கோத்து, கனம் தாங்காமல் கீழ்நோக்கித் தொங்குவதுதான் அது. பெரும்பாலும் கண்களுக்கு நடுவிலிருக்கும் சிற்றறைகளின் வாசலில் தொடங்கி, இரு பக்கமும் வளரும். புற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. நடுத்தர வயதினரிடமே அதிகம். மேற்கு நாடுகளின் கணக்கெடுப்புகளில் நூறு பேரில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை இது இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

வாசனையை அறியும் நரம்புகள் மூக்கின் உச்சியில், தபால்தலை அளவு இடத்தில்தான் இருக்கின்றன. சதையும் வீக்கமும் அந்த இடத்துக்குப் போகும் வழியை அடைத்துவிடுகின்றன. அழற்சி அந்த நரம்புகளையும் பாதிக்கிறது. அதனால் இந்த நோயின் முக்கிய அடையாளம் தும்மல் அல்ல, வாசனை போவது. தும்மலும் அரிப்பும் முன்னே நின்றால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். மாதக்கணக்கில் இரு பக்கமும் அடைத்து, வாசனையும் சாப்பாட்டு உருசியும் போனால் சதையைச் சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

தங்கச்சியிடம் கேட்டேன்: “சித்தாலேப பூசினா தெரியுதா?” “அது தெரியுது” என்றாள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அந்தத் தைலத்தின் குளிர்ச்சியையும் எரிவையும் உணர்வது முகத்தின் தொடு நரம்பு. வாசனை நரம்பு செத்திருந்தாலும் அது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கோப்பித்தூளையும் சவர்க்காரத்தையும் மாறி மாறி முகரச் சொன்னேன். எது எதுவென்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஒவ்வாமைக்கும் சதைக்கும் என்ன உறவு?

இந்தக் கேள்விக்கு நீண்ட காலமாக ஒரு சுலபமான பதில் இருந்தது: ஒவ்வாமை முற்றினால் சதையாகும். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால், கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உலகில் ஏராளம். அவர்களில் சதை வளர்வோரின் விகிதம் மற்ற மக்களில் உள்ளதைப் போலத்தான், சிறியது. 1977 இல் அமெரிக்காவில் செற்றிபேன், சாஃபி என்ற இரு வைத்தியர்கள் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆஸ்துமா, மூக்கு நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார்கள். ஒவ்வாமைத் தோல் சோதனையில் எதுவும் தெரியாத ஆஸ்துமாக்காரர்களிடம்தான் சதை கூடுதலாக இருந்தது. ஒவ்வாமைதான் தாய், சதை அதன் பிள்ளை என்றால் இது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அப்படியானால் உறவே இல்லையா? இருக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்குமான உறவு அல்ல, ஒரே வீட்டில் பிறந்த சகோதரர்களின் உறவு.

நம் உடலின் காவல் படையில் ஒரு பிரிவு, குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்ப்பதற்கென்றே இருக்கிறது. வைத்தியர்கள் இதை ‘இரண்டாம் வகை’ அழற்சி என்கிறார்கள். இன்டர்லூகின் 4, 5, 13 என்ற செய்தி அனுப்பும் புரதங்களும், இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்களும் இதன் ஆட்கள். ஒவ்வாமையிலும் இதே பிரிவுதான் கிளர்ந்தெழுகிறது, பல ஆஸ்துமாக்களிலும் இதுதான், மூக்குச் சதையிலும் பெரும்பாலும் இதுதான். அதனால்தான் இவை மூன்றும் அடிக்கடி ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுகின்றன.

ஆனால் இந்தப் பிரிவைத் தட்டி எழுப்பும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குத் தூசி உண்ணி. இன்னொருவருக்கு மூக்கிலேயே குடியிருக்கும் ‘ஸ்டபிலோகொக்கஸ்’ என்ற பக்டீரியா. 2001 இல் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளவுஸ் பக்கர்ட்டும் அவருடைய குழுவினரும், சதைக்குள்ளேயே ஐ.ஜி.ஈ உற்பத்தியாவதையும் அதில் ஒரு பகுதி இந்தப் பக்டீரியாவின் நச்சுக்கு எதிரானது என்பதையும் காட்டினார்கள். தோலில் செய்யும் சோதனை ‘ஒவ்வாமை இல்லை’ என்று சொல்லும்போதே மூக்குக்குள் தனியாக ஒரு போர் நடந்துகொண்டிருக்கலாம்.

ஒவ்வாமை நேரடியாகப் பங்கெடுக்கும் வகைகளும் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில், தென்னிந்தியாவிலும்கூட, பூஞ்சணத்துக்கு எதிரான ஒவ்வாமையால் சைனஸ் முழுவதும் பசை போன்ற தடித்த சளி நிறைந்து சதை வளரும் ஒரு வகை இளம் வயதினரிடம் காணப்படுகிறது. அது எலும்பை அரித்துக் கண்ணையே வெளியே தள்ளக்கூடும். மூக்கின் நடுப்பகுதியில் மட்டும் சதை திரளும் இன்னொரு வகைக்கும் காற்றில் வரும் ஒவ்வாமைப் பொருட்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஆகவே, ஒவ்வாமை இருந்தால் அது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகாகலாம், அதை இழுத்து எடுப்பது நல்லது. ஆனால் அடுப்பு அந்த ஒரு விறகால் மட்டும் எரியவில்லை. ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை தும்மலைக் குறைக்கும், சதையைச் சுருக்காது. எட்டு வருட மாத்திரை எனக்குப் பலன் தராததன் காரணம் இவ்வளவுதான்.

அந்த இரவு நடந்தது என்ன?

தங்கச்சி இறப்பர் பால் வெட்டுபவள். விடியுமுன் மலையில் நிற்க வேண்டும். போன வருடம் ஒரு மாலை இடுப்பு வலி தாங்காமல் கடையில் வலி மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள். ஒரு மணித்தியாலத்துக்குள் மூக்கு கொட்டியது, முகம் சிவந்தது, நெஞ்சு அடைத்து விசிலடித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்த பிறகுதான் மூச்சு வந்தது. “பனி ஒத்துக்கல” என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மாத்திரையை யாரும் நினைக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சித்தி இதைச் சொல்லக் கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கியது. மூக்குச் சதை, ஆஸ்துமா, அஸ்பிரின் வகை மாத்திரை ஏற்காமை என்ற மூன்றும் ஒன்றாக வரும் நோயொன்று உண்டு. 1922 இல் பிரான்சில் விடால் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் இதை முதலில் எழுதினார்கள். 1968 இல் அமெரிக்காவில் சாம்டரும் பியர்ஸும் விரிவாக விளக்கிய பிறகு ‘சாம்டர் மூன்று’ என்ற பெயர் நிலைத்தது. மூக்குச் சதை உள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம்.

பார்ப்பதற்கு அப்படியே ஒவ்வாமை போலத்தான் தெரியும். ஆனால் இது ஐ.ஜி.ஈ நடத்தும் ஒவ்வாமை அல்ல. அஸ்பிரின், டைக்ளோபெனக், இபுப்ரோபன், மாதவிடாய் வலிக்குப் போடும் மெபனமிக் அசிட் ஆகியவை உடலில் ஒரு நொதியைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. இந்த நோயாளிகளிடம் அந்த வழி அடைபட்டதும் இன்னொரு வழி பெருக்கெடுத்து, மூச்சுக்குழாயை இறுக்கும் லூகோட்ரீன் என்ற பொருட்கள் பொங்குகின்றன. அரை மணி முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் தாக்குதல் வரும். உயிர் போகவும் கூடும். தோலில் ஊசி குத்தும் சோதனையில் இது தெரியாது. நடந்ததை நோயாளி சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும்.

டெங்குக் காலத்தில் “பனடோல் மட்டும் போடுங்கள், வேறு வலி மாத்திரை வேண்டாம்” என்று சொல்வதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அங்கே காரணம் இரத்தக் கசிவு, இங்கே காரணம் மூச்சு. மூக்குச் சதையும் இழுப்பும் உள்ளவர்கள், வைத்தியர் சொல்லும்வரை, இந்த அறிவுரையை வருடம் முழுக்கப் பின்பற்றுவது நல்லது. 500 மில்லிகிராம் பரசிட்டமோல் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை தராது. ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரை போட்டால் சிலருக்கு அதுவும் இழுப்பைக் கொண்டுவரலாம்.

போர்க் காயங்களோடு வாழ்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பில் குண்டுச் சிதறலோடும் துண்டித்த காலின் வலியோடும் வாழும் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் டைக்ளோபெனக்கை மிட்டாய் போல விழுங்குகிறார்கள். மூக்கு அடைத்து வாசனை போய், இழுப்பும் இருப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு முதலில் வைத்தியரைப் பாருங்கள்.

புகையும் தூசியும்

எனக்கு இந்த நோயைத் தந்தது மெனிக் பாமா? அவளுக்குத் தந்தது லயமா? இரண்டையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு தனி மனிதரின் மூக்கைப் பார்த்து ‘இதுதான் காரணம்’ என்று விரல் நீட்டும் சோதனை கிடையாது. ஆனால் புகையும் தூசியும் மூக்கின் உட்தோலை அரித்து, காவலைப் பலவீனப்படுத்தி, அழற்சியைக் கிளறிவிடும் என்பது தெரிந்ததே.

சித்தியின் லயத்தில் சமையலறைக்குப் புகைபோக்கி இல்லை. மழை நாட்டில் சுவர் எப்போதும் ஈரம், மூலையெல்லாம் பூஞ்சணம். 2016 மே 17 இல் சாமசர மலை சரிந்து எலங்கபிட்டியவும் அயல் கிராமங்களும் புதைந்த பிரதேசம் இது. அன்றே புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டத்து லயமொன்றும் மண்ணுக்குள் போனது. பெருமழை வந்தால் உயிரைப் பற்றிய பயம். மழை விட்டால் சுவரில் ஊறிய ஈரம். பகலில் இறப்பர் புகையறை, கராம்புத் தூசி. மெத்தையை வெயிலில் போட வெயிலும் இல்லை.

உலகின் இன்னொரு மூலையில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 2001 செப்டம்பர் 11 இல் நியூயோர்க்கில் இடிந்த கோபுரங்களின் தூசியைச் சுவாசித்த மீட்புப் பணியாளர்களுக்கும் அயலவர்களுக்கும் நாட்பட்ட சைனஸ் நோய் வந்தால், அரசின் தனித் திட்டத்தின் கீழ் சிகிச்சை உண்டு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம்களில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்த அமெரிக்கப் படையினருக்காக 2022 ஓகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. நாட்பட்ட மூக்கழற்சியும் நாட்பட்ட சைனஸ் நோயும் அதன் பட்டியலில் இருக்கின்றன. நோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பைப் படையினர் ஒவ்வொருவரும் நிரூபிக்கத் தேவையில்லை.

பதுங்கு குழியில் மண்ணையும் வெடிமருந்துப் புகையையும் மாதக்கணக்கில் சுவாசித்தவர்களின் மூக்கை எங்கள் நாட்டில் யாரும் எண்ணவில்லை. எண்ணாத நோய்க்கு ‘அலர்ஜி’ என்று பெயர் வைப்பது சுலபம்.

வாசனை போவதற்கு வேறொரு காரணமும் போர்க்களத்தில் உண்டு. தலையில் பலத்த அடியோ வெடியதிர்ச்சியோ பட்டால், வாசனை நரம்பிழைகள் மண்டை எலும்பைக் கடந்து வரும் இடத்தில் அறுந்துபோகலாம். அப்போது மூக்கு திறந்தே இருக்கும், வாசனை மட்டும் இருக்காது. அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். தலைக் காயத்துக்குப் பிறகு ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் தெளிந்த நீர் சொட்டினால் அது மூளையைச் சூழ்ந்த நீராகவும் இருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

என்ன செய்யலாம்?

தங்கச்சியைக் கேகாலைக்குக் கூட்டிப்போனோம். ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் பேர் போகும். அதனால்தான் நான்கு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறாள். போகுமுன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எப்போதிருந்து அடைப்பு, எப்போதிருந்து வாசனை இல்லை, இழுப்பு உண்டா, எந்த மாத்திரைக்குப் பிறகு என்ன நடந்தது. மொழி தெரியாத கிளினிக்கில் இந்த நான்கு வரி பெரிய உதவி. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்தில் எழுதுவித்தால் இன்னும் நல்லது. கமராவில் பார்த்தபோது சந்தேகித்ததுதான் இருந்தது. வலி மாத்திரை விடயத்தைக் கேட்டதும் வைத்தியர் அவளுடைய கொப்பியில் சிவப்பு மையில் எழுதினார்.

இந்த நோயின் அடிப்படை மருந்து, மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரே. மாத்திரையாகப் போடும் ஸ்டீரொயிட்டைப் போல இது உடம்பெங்கும் பரவுவது மிகக் குறைவு. ஆனால் தினமும் அடிக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாள் அடித்துவிட்டு “வேலை செய்யவில்லை” என்று வீசியவர்களில் நானும் ஒருவன். தலையைச் சற்றே குனிந்து, வலக்கையால் இடது துவாரத்திலும் இடக்கையால் வலது துவாரத்திலும், நடுச்சுவரைக் குறிவைக்காமல் கண்ணின் வெளி மூலையை நோக்கி அடிக்க வேண்டும். அடித்ததும் பலமாக உறிஞ்சக் கூடாது, மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

அதற்கு முன் உப்பு நீரால் மூக்கைக் கழுவினால் சளி போய் மருந்து தோலில் படும். கால் லீற்றர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. தண்ணீர் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். பீலித் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விட வேண்டாம். அதில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போவது அரிது, போனால் பிழைப்பது அதைவிட அரிது.

கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து, விட்டவுடன் மூக்கைத் திறக்கும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். ஸ்டீரொயிட் மாத்திரை சதையை வேகமாகச் சுருக்கும், வாசனை இரண்டே நாளில் திரும்பலாம். அந்த மகிழ்ச்சிக்காக அடிக்கடி வாங்கிப் போட்டால் சீனி வியாதி, பிரசர், எலும்புத் தேய்வு என்று விலை கொடுக்க நேரிடும். வைத்தியர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாட்களுக்கு மட்டும்.

மருந்தால் முடியாவிட்டால் சத்திர சிகிச்சை. எனக்குச் செய்தார்கள். முகத்தில் வெட்டு இல்லை, துவாரம் வழியாகவே சதையை எடுத்துச் சைனஸ் வாசல்களை அகலப்படுத்தினார்கள். ஆனால் சதையை வெட்டுவது அழற்சியை வெட்டுவதல்ல. ஸ்பிரேயை நிறுத்தியவர்களுக்குச் சதை மீண்டும் வளர்வது சாதாரணம், நிறுத்தாதவர்கள் சிலருக்கும் வளரும். 2019 இல் அமெரிக்காவில் மூக்குச் சதைக்கு அனுமதி பெற்ற டுபிலுமாப் என்ற ஊசி, இன்டர்லூகின் 4, 13 இரண்டின் வேலையையும் தடுக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அது பலன் தருவது, இரண்டு நோய்க்கும் வேர் ஒரே இடத்தில் இருப்பதற்கு நல்ல சாட்சி. அதன் விலை எங்களுக்கு எட்டாதது. ஸ்பிரேயும் உப்பு நீரும் எட்டுபவை.

ஒவ்வாமையும் இருந்தால் தலையணை உறைகளைச் சுடுநீரில் துவைப்பது, சாக்கு மூட்டைகளைப் படுக்குமிடத்திலிருந்து அகற்றுவது, அடுப்பைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுவது எல்லாம் உதவும். லயத்தில் இருப்பவருக்கு இதில் பாதி அவர் கையில் இல்லை என்பதும் தெரியும். புகைபோக்கியும் ஒழுகாத கூரையும் மருந்துச்சிட்டையில் எழுத முடியாத மருந்துகள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ஒரு பக்கம் மட்டும் சதை, இரத்தம் அல்லது நாற்றத்தோடு சளி வருவது, கண் வீங்குவது, பார்வை இரட்டையாகத் தெரிவது ஆகியவை வழமையான மூக்குச் சதையின் குணங்கள் அல்ல. கட்டியாகவோ ஆபத்தான தொற்றாகவோ இருக்கலாம். கண் வீக்கமும் பார்வைக் கோளாறும் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னப் பிள்ளைக்குச் சதை வளர்ந்தாலும் அதை அலர்ஜி என்று விட்டுவிடாதீர்கள், வேறு பரிசோதனைகள் தேவை.

சித்திரை கழிந்து ஒருநாள் தங்கச்சி தொலைபேசியில் பேசினாள். இரண்டரை மாதம் விடாமல் ஸ்பிரே அடித்திருக்கிறாள். “அண்ணே, பக்கத்து வீட்டுல கருவாடு பொரிக்கிறாங்கன்னு நாந்தான் மொதல்ல சொன்னேன். அம்மாவுக்கு நம்பிக்கையே வரல” என்றாள். கராம்பு இன்னும் முழுதாகத் தெரியவில்லையாம், சில நாள் தெரிகிறது, சில நாள் இல்லை. அடுத்த கிளினிக் ஆனி மாதம். அன்றைய பேர் போனாலும் பரவாயில்லை, போகிறேன் என்றாள்.